மெழுகு இருந்த இடத்தில் பித்தளை

சிற்பி என்றதும் உளியும் கல்லும் நம் நினைவுக்கு வருகின்றன. சத்தீஸ்கர் மாநிலத்தின் பஸ்தர் பகுதியிலுள்ள கோண்டாகாவில் உலோகச் சிற்பி ஒருவரின் வீட்டு முற்றத்தில் போய் நின்றால், இவ்விரண்டும் எளிதிற் கண்ணில் படமாட்டா. ஒரு பக்கம் மண் குவியல், மறு பக்கம் உமியும் சாணமும், திண்ணையில் உருட்டி வைத்த தேன்மெழுகு, மூலையில் ஓட்டை விழுந்த பித்தளைக் குடங்கள். இவற்றினூடே கோழிகள் மேய்ந்துகொண்டிருக்கும். முற்றமே பட்டறை, விலை பேச வரும் வணிகரை வரவேற்கும் கூடமும் அதுவே.

இச்சிற்பிகளைக் கட்வா என்பர். உருவமைத்தல் என்ற பொருள் தரும் வினையோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவார்கள். வெளியுலகம் இக்கலையைத் தோக்ரா என்கிறது. அலுவலகத் தாள்களில் இதன் செய்முறையை ‘இழந்த மெழுகு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தெழுதிய குற்றம் நமக்கும் உண்டு. வடமொழி நூல்கள் இதற்கு மதூச்சிஷ்ட விதானம் என்று பெயரிட்டன. தேன் எடுத்தபின் எஞ்சுவதைக்கொண்டு செய்யும் முறை என்பது அதன் பொருள். அந்தப் பெயரில் இழப்பு இல்லை. 1926ஆம் ஆண்டில் மொகஞ்சதாரோவில் கிடைத்த, ஏறத்தாழ 10.5 சென்டிமீட்டர் உயரமுள்ள நடனப் பெண்ணின் உருவமும் இம்முறையில் வார்த்ததே என்பர்.

யானை ஒன்று செய்ய வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். முதலில் களிமண்ணில் உமியைப் பிசைந்து யானையின் கரு உருவை அமைக்கிறார்கள். அது நிழலில் உலர வேண்டும். மழைக்காலமானால் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். உலர்ந்த கருவைத் தேய்த்து, அவரை இலைச் சாற்றைப் பூசி வழுவழுப்பாக்குகிறார்கள். அதன் பிறகே மெழுகு வருகிறது. தேன்மெழுகோடு பிசினைச் சேர்த்துக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, துளையிட்ட தட்டுள்ள ஒரு குழலில் இட்டு அழுத்தினால், நம் வீட்டு உழக்கிலிருந்து இடியாப்பம் இறங்குவதுபோல் மெழுகு இழைகள் இறங்குகின்றன. அந்த இழைகளைக் கருவின்மேல் நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். யானையின் அம்பாரி, மணிமாலை, கண் யாவும் இழையாலேயே அமைகின்றன. பஸ்தர்ச் சிற்பங்களின் மேனியில் நாம் காணும் வரிவரியான கோடுகள் இந்த இழைகளின் தடங்களேயன்றிப் பின்னர்ச் செதுக்கியவை அல்ல.

மெழுகின்மேல் கரித்தூள் கலந்த மென்மண்ணை முதற் பூச்சாக இடுகிறார்கள். இப்பூச்சில் நூலளவு வெடிப்பு விட்டாலும் அது பித்தளையில் தழும்பாகப் பதியும். அதன்மேல் உமி கலந்த முரட்டு மண் ஏறுகிறது. உலோகம் இறங்குவதற்கு ஒரு வாய் மட்டும் விடப்படுகிறது. அவ்வாயின்மீது பித்தளைத் துண்டுகள் நிறைந்த மண் கிண்ணத்தைப் பொருத்தி, எல்லாவற்றையும் மண்ணால் மூடிவிடுகிறார்கள். எவ்வளவு பித்தளை வேண்டும்? மெழுகின் எடையைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு. வாய்க்காலில் தங்குவதற்காகச் சற்று அதிகம். கணக்குப் பிசகினால் யானைக்குத் துதிக்கை இராது.

கிண்ணம் அடிப்புறமாக இருக்கும்படி இந்த மண்ணுருண்டையை உலையில் வைத்துத் துருத்தியை இயக்குகிறார்கள். வெப்பம் ஏறும்போது மெழுகு உருகி மண்ணில் ஊறியும் எரிந்தும் மறைய, அது இருந்த இடம் வெற்றிடமாகிறது. பித்தளை உருகுவதற்கு 900 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் தேவை. வெப்பமானி எதுவும் அங்கே இல்லை. சுடரில் பச்சை நிறம் தோன்றியதும், முதியவர் தலையசைக்க, உருண்டையை இடுக்கியால் பற்றித் தலைகீழாகப் புரட்டுகிறார்கள். ஒரு மூச்சு நேரம். மெழுகு இருந்த இடத்தில் பித்தளை புகுந்துவிடும், அல்லது புகாது. ஆறிய பின் மண்ணை உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு கருவுக்கு ஒரே வார்ப்பு. பழுதானால் பித்தளை மட்டும் மறுபடி உலைக்குப் போகும். இரண்டு வார உழைப்பை யாரிடம் கேட்பது?

பச்சைச் சுடரோடு எழும் வெண்புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பித்தளையிலுள்ள துத்தநாகம் 907 பாகையில் கொதித்து ஆவியாகிறது. அதைச் சுவாசித்தவருக்கு அன்று மாலையே குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வருவதுண்டு; பெரும்பாலும் மறுநாள் தணிந்துவிடும். தணிந்துவிடுவதாலேயே அதை யாரும் நோயாக மதிப்பதில்லை. வீட்டுக்குள்ளேயே தொழில் நடப்பதால், குழந்தைகளும் இப்புகைக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கிறார்கள். உலைக்கு மேல் ஓர் உயரமான புகைபோக்கி அமைப்பது பெருஞ்செலவன்று.

மண் பிசைவதும் மெழுகிழை சுற்றுவதும் பெரும்பாலும் பெண்களின் கைகளில் உள்ளன. கைவினைஞர்களுக்கான விண்ணப்பப் படிவம் ஒன்றை நாம் முன்பு மொழிபெயர்த்தபோது, ‘மனைவியின் தொழில்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று முன்கூட்டியே அச்சிட்டிருந்ததைக் கண்டோம். உள்ளதை உள்ளபடி பெயர்ப்பது நம் கடமை, பெயர்த்தோம். அது சரியென்று இன்றளவும் தோன்றவில்லை.

கல்கத்தாவில் 1923இல் பிறந்த மீரா முகர்ஜி, ஜெர்மனியின் மியூனிக் நகரிற் சிற்பம் பயின்று திரும்பியபின், பஸ்தருக்கு வந்து இக்குடும்பங்களிடம் மாணவியாக அமர்ந்தார். கையடக்கமான உருவங்களுக்குரிய அவர்களுடைய முறையை ஆளுயரத்துக்கும் மேற்பட்ட வெண்கலச் சிலைகளுக்கு விரிவுபடுத்தினார். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இழைத் தடங்களை அவர் மழித்துவிடாமல் தம் சிலைகளில் வைத்துக்கொண்டார்.

தமிழ்நாட்டில் சுவாமிமலை ஸ்தபதிகள் வார்க்கும் வழிபாட்டுத் திருமேனிகள் உட்கரு இல்லாத கனவார்ப்பு. பஸ்தர் யானையோ மண் கருவின்மேல் போர்த்திய பித்தளைத் தோல். அத்தோலை எவ்வளவு மெல்லியதாக வார்க்கிறாரோ அவ்வளவுக்குச் சிற்பி கைதேர்ந்தவர். மெல்லிய வார்ப்பில்தான் உலோகம் நடுவழியில் உறைந்துபோகும் அபாயமும் அதிகம். ஆனால் வணிகர் பலர் சிற்பத்தை எடைக்கு வாங்குகிறார்கள். தடிப்பாக வார்த்தவருக்குக் கூடுதலாகவும், மெல்லியதாக வார்த்தவருக்குக் குறைவாகவும் பணம் கிடைக்கிறது. முற்றத்து மூலையில், பழைய குடங்களுக்குப் பக்கத்தில், அந்தத் தராசு தொங்கிக்கொண்டிருக்கிறது.