கழுத்தில் நான்கு அரிசிமணிகள்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் முதலிய இடங்களில் கடைவீடுகளின் மாடியிலே இரத்தச் சுத்திகரிப்பு நிலையங்கள் நடைபெறுவதை நேயர்கள் கண்டிருக்கலாம். சிறுநீரகம் செயலிழந்தோர் வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் அங்கே இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருப்பர். ஆண்டுகள் சில சென்றபின் அவர்களுட் சிலர், எலும்பு நோகிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது என்பர். நோய் சிறுநீரகத்தில், ஆனால் இத்துன்பத்தின் வேர் கழுத்தில் இருத்தல் கூடும்.

கழுத்தின் முன்புறத்துத் தைராய்டுச் சுரப்பியின் பின்னே, அரிசிமணி அளவில் பொதுவாக நான்கு சுரப்பிகள் உள்ளன. பாராதைராய்டு என்பது அவற்றின் பெயர். தைராய்டுக்கு அவை பக்கத்து வீட்டுக்காரரே தவிர, உறவினரல்ல. லண்டன் விலங்கினச் சாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை அறுத்தாய்ந்தபோது ரிச்சர்டு ஓவன் இதனைக் கண்டார். மனிதனிடத்தில் இதனை 1880இல் விளக்கியவர் சுவீடன் நாட்டு ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம்.

இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறையுந்தோறும் எலும்பிலிருந்து அதனை வாங்கிக் கொடுப்பது இச்சுரப்பிகளின் கடமை. சிறுநீரகம் கெட்டபின் பாஸ்பரஸ் உடலில் தேங்குகிறது. வைட்டமின் டி செயலுருப் பெறுவதில்லை. சுண்ணாம்புச் சத்துக் குறைகிறது. சுரப்பியோ ஓயாது உழைத்துப் பருக்கிறது, எலும்பு கரைகிறது, கரைந்த சுண்ணாம்பு இரத்தக் குழாய்ச் சுவர்களிற் படிகிறது. சுரப்பி தொடக்கத்திற் குற்றவாளியன்று என்பதை நினைவிற் கொள்க.

உணவோடு உண்ணவேண்டிய பாஸ்பரஸ் தடுப்பு மாத்திரையை, 'வலியொன்றும் இல்லையே' என்று விட்டுவிடுவோர் பலர். பிழை அங்கேதான் நிகழ்கிறது. பிறர் சிறுநீரகம் பொருத்தப்பெற்றால் பலருக்குச் சுரப்பி ஓரளவு அடங்கும். மலேசியாவில் முதல் சிறுநீரக மாற்று 1975இல் கோலாலம்பூர்ப் பொது மருத்துவமனையில் நடைபெற்றது. எனினும், கொடுப்போர் இன்றும் மிகச் சிலரே. காத்திருக்கும் ஆண்டுகளிலே சுரப்பி வளர்ந்துவிடுகிறது.

மருந்துக்கு அடங்காதபோது அறுவையே வழி. மூன்றரைச் சுரப்பிகளை நீக்கி அரையை விட்டுவைப்பது ஒரு முறை. நான்கையும் எடுத்து, ஒன்றின் சிறு துண்டுகளை முன்கைத் தசையிற் பதிப்பது மற்றொன்று. சுத்திகரிப்புக்கு ஊசி குத்தும் கையை விடுத்து மறு கையையே இதற்குத் தேர்வர். அது மீண்டும் மிகையாகச் சுரந்தால், கழுத்தைத் திறவாமலே கையிலிருந்து எடுத்துவிடலாம்.

அறுவைக்குப்பின் ஆபத்துத் திசைமாறுகிறது. பல்லாண்டு பசித்த எலும்பு இரத்தத்திலுள்ள சுண்ணாம்பை விரைந்து விழுங்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்புத் தோன்றும், தசை இழுக்கும், இதயத் துடிப்பும் தடுமாறலாம். ஆகவே முதல் நாட்களில் அடிக்கடி இரத்தம் சோதித்து, நரம்பின் வழியே கால்சியம் ஏற்றுவர். வீடு திரும்பிய பின்னரும் மாத்திரைகள் வாரக்கணக்கில் தொடரும். மரமரப்பு மீண்டும் தோன்றினால், அடுத்த சுத்திகரிப்பு நாள் வரட்டும் என்றிராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.