கார் பெயின்ட்ல சிலந்தி வலை: கீறலை எடுக்கலாம், எத்தனை தடவை எடுக்கலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டுள்ளது.)

நந்தனத்துல இருந்து ஒரு நேயர் அனுப்பின கேள்விதான் இன்னைக்கு எபிசோட். கறுப்புக் கார், வாங்கி ரெண்டு வருஷம். நிழல்ல பார்த்தா பளபளன்னு இருக்கு. ராத்திரி தெருவிளக்குக்குக் கீழ நிறுத்தினா பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கீறல். பக்கத்துக் கடையில, "ரப்பிங் போட்டா ஒரு மணி நேரத்துல போயிடும்"னு சொல்றாங்களாம். போடலாமா?

சுருக்கமான பதில்: கீறல் போகும். அதோட சேர்ந்து இன்னொண்ணும் போகும். அது என்னன்னு தெரிஞ்சுட்டா மீதி முடிவை நீங்களே எடுத்துடலாம்.

முடியைவிட மெலிசான அடுக்கு

காரோட தகடு மேல பொதுவா நாலு பூச்சு இருக்கும். துருப் பிடிக்காம இருக்க முதல்ல ஈ-கோட். அதுக்கு மேல ப்ரைமர். அப்புறம் நிறம் தர்ற பேஸ் கோட். கடைசியா, நிறமே இல்லாத கிளியர் கோட். நாலும் சேர்ந்து பெரும்பாலான கார்கள்ல 100-ல இருந்து 140 மைக்ரான்தான். அதுல கிளியர் கோட் மட்டும் சுமார் 35-ல இருந்து 50 மைக்ரான். நம்ம தலைமுடி ஒண்ணோட தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான். அதாவது சென்னை வெயிலையும், காக்கா எச்சத்தையும், கடல் காத்தையும் தாங்குற அடுக்கு ஒரு முடியைவிட மெலிசு.

நீங்க பார்க்கிற சிலந்தி வலை இந்த கிளியர் கோட்லதான் இருக்கு. பாலிஷ் போடுறதுன்னா கீறலை நிரப்புறதுன்னு பல பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. கீறல் ஒரு பள்ளம்னா, அதைச் சுத்தி இருக்கிற மேட்டைத் தேய்ச்சு பள்ளத்தோட அளவுக்கு இறக்குறதுதான் பாலிஷ். ஒவ்வொரு தடவையும் கிளியர் கோட் கொஞ்சம் குறையும். பணம் எடுக்க மட்டும் முடியிற, போட முடியாத பேங்க் அக்கவுன்ட் மாதிரி. அது ஒரு இடத்துல தீர்ந்துபோனா அங்க வெயில் நேரா நிறத்து மேல இறங்கும். பெயின்ட் வெளுக்கும், சுத்தியிருக்கிற கிளியர் கோட் தோல் உரியற மாதிரி உரியும். அப்புறம் அந்த பேனலையே மறுபடி பெயின்ட் அடிக்கணும்.

அப்போ இந்த ரப்பிங் பழக்கம் எங்க இருந்து வந்துச்சு? அம்பாசடர், பத்மினி, நம்ம மெட்ராஸ்லயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இந்தக் கார்களோட காலத்துல கிளியர் கோட்னு தனியா கிடையாது. நிறமே மேல் அடுக்கு. வெயில்ல மங்கினதை ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்ச்சா துணியில கார் நிறம் ஒட்டும், கீழ இருந்து புது நிறம் எட்டிப் பார்க்கும். அந்தக் காருக்கு அது சரியான வைத்தியம். இன்னைக்கு உங்க கறுப்புக் காரைத் தேய்க்கும்போது துணியில கறுப்பு வந்தா, பெரும்பாலும் கிளியர் கோட் தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம்.

வட்டமா தெரியுது, ஆனா வட்டம் இல்ல

ஒரு சின்ன சோதனை. மொபைல் டார்ச்சை பானெட் மேல அடிச்சு மெதுவா நகர்த்துங்க. அந்த வட்டங்களும் கூடவே நகரும். ஏன்னா கீறல்கள் உண்மையில எல்லாத் திசையிலயும் நேர் நேரா கிடக்கு. வெளிச்சத்தைச் சுத்தி வளைஞ்ச மாதிரி அமைஞ்ச கீறல்கள் மட்டும் அதை நம்ம கண்ணுக்குத் திருப்பி அனுப்புறதால வட்டமா தெரியுது. அதனால "யாரோ வட்டமா துடைச்சுட்டாங்க, இனிமே நேரா துடைங்க"ன்னு சொல்றதுல பெருசா பலன் இல்ல. திசையைவிட முக்கியம், துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவுல என்ன மாட்டியிருந்துச்சுங்கிறது.

மாட்டுறது மண். நந்தனம் மாதிரி இடத்துல அதுக்குப் பஞ்சமே இல்ல. கலங்கரை விளக்கத்துல இருந்து பூந்தமல்லி போற ரெண்டாம் கட்ட மெட்ரோ தடம் நந்தனம் வழியாதான் போகுது. மெட்ரோ வேலையோ, பக்கத்துல புது அபார்ட்மென்ட்டோ, கட்டுமானம் நடக்கிற எந்தத் தெருவுலயும் பறக்கிற தூசில மணல், எம்-சாண்ட், சிமென்ட் எல்லாம் கலந்திருக்கும். மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும். கிளியர் கோட் எம்மாத்திரம்?

மழைக்கு அப்புறமும் இதே கதைதான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிஞ்சதும் கார் மேல வண்டல் காஞ்சு படிஞ்சிருந்ததே, அதை ஈரத்துணியால துடைச்சா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான். முதல்ல தண்ணிய ஊத்தி ஊறவெச்சு, மண்ணை ஓடவிடணும். அதுக்கு அப்புறம்தான் கையே வைக்கணும்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

காரைக் கழுவித் துடைச்சுட்டு, கீறலுக்குக் குறுக்கே விரல் நகத்தை மெதுவா ஓட்டுங்க.

நகம் மாட்டலன்னா, பாலிஷ்ல போக வாய்ப்பு அதிகம்.

நகம் மாட்டுச்சுன்னா, அது பாலிஷ்ல பாதுகாப்பா எடுக்க முடியாத ஆழம். ஓரங்களை மழுக்கி, கண்ணுக்குக் குறைவா தெரியிற மாதிரி பண்ணலாம். முழுசா எடுத்தே தீருவேன்னு தேய்க்காதீங்க.

உள்ள வெள்ளையா சாம்பலா ப்ரைமர் தெரிஞ்சாலோ, தகடே தெரிஞ்சாலோ டச்-அப் பெயின்ட்தான் வழி. அதுக்கான கலர் கோட், கதவைத் திறந்தா தெரியிற ஸ்டிக்கர்லயோ பானெட்டுக்கு உள்ளயோ இருக்கும். அடையாறு, பெசன்ட் நகர், மயிலாப்பூர்னு கடலுக்குப் பக்கத்துல இருக்கிறவங்க இதைத் தள்ளிப்போடாதீங்க. உப்புக்காத்துல துரு சீக்கிரம் பிடிக்கும்.

டூத்பேஸ்ட் வைத்தியம் பத்திக் கேட்டிருந்தீங்க. டூத்பேஸ்ட்டும் தேய்க்கிற பொருள்தான். ஆனா அதைப் பல்லுக்காகச் செஞ்சிருக்காங்க. கார் பாலிஷ்ல இருக்கிற சீரான துகள் அதுல இருக்கும்னு உத்தரவாதம் இல்ல. காருக்கு வேண்டாம்.

வேலை எப்படி நடக்கணும்

நீங்களே பண்ணாலும் சரி, கடையில குடுத்தாலும் சரி, வரிசை இதுதான்.

ஒண்ணு, நல்லா கழுவணும். அப்புறம் லூப்ரிகன்ட் தெளிச்சு க்ளே பார் ஓட்டணும். கழுவியும் போகாம ஒட்டியிருக்கிற துகள் எல்லாம் அதுல வரும். இதைத் தாண்டிப் போனா அந்தத் துகளே பாலிஷ் பேடுல மாட்டிப் புதுக் கீறல் போடும்.

ரெண்டு, பெயின்ட் தடிமன் மீட்டர் வெச்சு ஒவ்வொரு பேனலையும் அளக்கணும். பக்கத்துப் பேனலைவிட ஒண்ணு ரொம்பக் குறைவா காட்டினா அங்க ஏற்கனவே தேய்ச்சிருக்காங்க. 200-ஐத் தாண்டினா மறுபடி பெயின்ட் அடிச்சதா இருக்கலாம். இன்னும் ரொம்ப அதிகம்னா உள்ள பட்டி இருக்கலாம். பழைய கார் வாங்கப் போறவங்களுக்கும் இது உதவும். ஒரு விஷயம், சாதாரண மீட்டர் மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், கிளியர் கோட்டைத் தனியா சொல்லாது. பிளாஸ்டிக் பம்பர்ல வேலையே செய்யாது.

மூணு, டெஸ்ட் ஸ்பாட். ரெண்டு அடிக்கு ரெண்டு அடி இடத்துல, இருக்கிறதுலயே மென்மையான ஃபோம் பேட், மென்மையான பாலிஷ், இதுல ஆரம்பிக்கணும். சரியா வரலன்னா மட்டும் ஒரு படி ஏறணும். எடுத்த எடுப்புலயே கம்பளி பேடும் காம்பவுண்டும் வேண்டாம்.

நாலு, மெஷின். ரோட்டரி மெஷின் ஒரே அச்சுல சுத்தும், ஒரே இடத்துல சூடு ஏறும். கை பழகாதவங்க வெச்சா சில விநாடியில பெயின்ட் கருகலாம், கூடவே புகை மாதிரி ஹாலோகிராம் தடமும் விழும். டூயல் ஆக்‌ஷன், அதாவது டி.ஏ. பாலிஷர், சுத்திக்கிட்டே ஆடவும் செய்யும். அதனால சூடு பரவிடும். முதல் தடவை பண்றவங்களுக்கு இதுதான். நிழல்ல, தகடு கைக்குச் சூடா இல்லாதப்போ மட்டும் பண்ணுங்க. நம்ம ஊர்ல அது பெரும்பாலும் பேஸ்மென்ட் பார்க்கிங், இல்லைன்னா சாயங்காலம். கதவு ஓரம், பானெட் மடிப்பு இதெல்லாம் பெயின்ட் மெலிசான இடம், டேப் ஒட்டிடுங்க. வயரைத் தோள் மேல போட்டுக்கோங்க, ஈரத் தரையில கிடக்க விடாதீங்க. மாஸ்க் போடுங்க, மோதிரம் கழட்டுங்க.

அஞ்சு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணியில கலந்து துடைச்சுப் பார்க்கணும். பாலிஷ்ல இருக்கிற எண்ணெய் கீறலைத் தற்காலிகமா மறைக்கும். அந்த எண்ணெய் போன பிறகும் கீறல் இல்லன்னாதான் வேலை நடந்திருக்கு.

கடையில குடுக்கிறவங்க இதையே கேள்வியா மாத்திக்கோங்க. டி.ஏ.வா ரோட்டரியா? முன்னாடியும் பின்னாடியும் மீட்டர் ரீடிங் காட்டுவீங்களா? டெஸ்ட் ஸ்பாட் போடுவீங்களா? ஆல்கஹால் போட்டுத் துடைச்சுக் காட்டுவீங்களா? இந்தக் கேள்விக்கு எரிச்சல் படுற கடையில சாவியைக் குடுக்காதீங்க. "ஒரு மணி நேரத்துல முழுக் கார்" அப்படின்னா, ஒண்ணு கீறலை மறைக்கிறாங்க, இல்ல கண்மூடித்தனமா தேய்க்கிறாங்க.

நூறு சதவீதம் வேணும்னு பிடிவாதம் பிடிக்காதீங்க. பெரும்பாலான கீறல் போனாலே கார் வேற மாதிரி தெரியும். கடைசியா இருக்கிற ரெண்டு மூணு ஆழக் கீறலுக்காக நிறைய கிளியர் கோட்டைக் குடுக்கிறது நஷ்டம்.

செராமிக் போட்டா கீறவே கீறாதா?

கீறும். "9எச் கடினம்"னு விளம்பரத்துல வர்றது பென்சில் அளவுகோல். எந்தப் பென்சில் முனை கீறும், எது கீறாதுன்னு பார்க்கிற சோதனை அது. மணலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. செராமிக் கோட்டிங்ல நிஜமான லாபம், அழுக்கு சுலபமா ஓடும், கழுவுறது எளிது. கீறல்ல இருந்து உண்மையான தடுப்பு வேணும்னா பி.பி.எஃப்.ங்கிற பாலியூரித்தேன் ஃபிலிம். செலவு அதிகம், ஆனா முன்பக்கம் மட்டும்கூட ஒட்டிக்கலாம். எதைப் போட்டாலும் முதல்ல கீறலைச் சரிபண்ணிட்டுப் போடுங்க. இல்லைன்னா கீறலையும் சேர்த்துப் பூட்டி வெச்ச மாதிரி ஆகிடும்.

காலையில அஞ்சரை மணிக்கு

இப்போ முக்கியமான இடம். நம்ம அபார்ட்மென்ட்ல பல காருக்குக் கீறல் விழுறது கடையில இல்ல, கார் பார்க்கிங்ல. காலையில ஒரு அண்ணா வருவார். ஒரு பக்கெட், ஒரு துணி, பதினஞ்சு இருபது கார். எல்லாரும் ஆபீஸ் கிளம்புறதுக்குள்ள முடிக்கணும். முதல் கார்ல எடுத்த மண்ணு அதே தண்ணியில, அதே துணியில கடைசிக் கார் வரைக்கும் போகும். தினமும் துடைக்கலன்னா "அண்ணா, வண்டியில தூசி இருக்கே"ன்னு கேட்கிறதும் நாமதான்.

கீறல் விழுந்ததும் அவர் மேல பழி போடுறது சுலபம். ஆனா பக்கெட், துணி, நேரம் மூணையும் முடிவு பண்றது யாரு? மாசம் சில நூறு ரூபா குடுத்துட்டு, காருக்கு ஆயிரக்கணக்குல கோட்டிங் போடுறோம். அந்த வரிசையை மாத்தினாலே பாதிப் பிரச்சனை தீரும்.

அவர்கிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க: "அண்ணா, என் வண்டிக்கு தினமும் வேண்டாம். வாரம் ரெண்டு நாள் போதும், காசு அதேதான். கண்ணாடி மட்டும் தினமும் துடைச்சிடுங்க. பாடிக்கு இந்தத் துணி." கூடவே இதெல்லாம் குடுங்க: ரெண்டு பக்கெட், ஒண்ணுல ஷாம்பு தண்ணி, இன்னொண்ணுல துணி அலச நல்ல தண்ணி. நாலஞ்சு மைக்ரோஃபைபர் துணி. சக்கரத்துக்குத் தனித் துணி. தரையில விழுந்த துணியைத் துவைக்காம பாடியில வைக்கக்கூடாது. மேல இருந்து கீழ வரணும். காஞ்ச தூசியை மட்டும் எப்பவும் துடைக்கக்கூடாது.

தண்ணி? 2019 கோடையில லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்ன ஊர் இது, ஹோஸ் பிடிச்சுக் கழுவச் சொல்ல எனக்கு மனசு வராது. ரின்ஸ்லெஸ் வாஷ்னு ஒண்ணு கிடைக்குது. ஒரு பக்கெட் தண்ணியில சில மில்லி கலந்து, மண்ணை ஊறவெச்சுத் துணியில ஏந்தி எடுக்கிற முறை. லேசான தூசிக்கு அது போதும், சேறு இருந்தா மட்டும் முதல்ல தண்ணி ஊத்துங்க. ஆர்.ஓ. கழிவுத் தண்ணியை முதல் அலசலுக்கு வெச்சுக்கலாம். ஆனா அதுலயும் போர் தண்ணியிலயும் உப்பு அதிகம், வெயில்ல காஞ்சா வெள்ளைப் புள்ளி விழும். உடனே ஒத்தித் துடைச்சிடுங்க, முடிஞ்சா கடைசி அலசல் மெட்ரோ வாட்டர்ல இருக்கட்டும்.

நந்தனம் நண்பருக்கு என் பதில் இதுதான்: ஒரு மணி நேர ரப்பிங் வேண்டாம். முதல்ல ஒரு மாசம் கழுவுற முறையை மாத்துங்க. அதுக்கு அப்புறம் மீட்டர் வெச்சு அளந்து, டி.ஏ. மெஷின்ல ஒரே ஒரு தடவை மென்மையா பாலிஷ் பண்ணுங்க. வரிசையை மாத்திப் பண்ணா, பாலிஷ் முடிஞ்ச மறுநாள் காலையிலேயே புதுக் கீறல் ஆரம்பிச்சிடும்.

உங்க வண்டியில டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு என்ன தெரிஞ்சதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.