எத்தனை மடங்கு பெரிதாகக் காட்ட வேண்டும்? போட்டித் துப்பாக்கிக்கு ஸ்கோப் தேர்வு செய்வது எப்படி?

2008 ஆகஸ்ட், பெய்ஜிங் ஒலிம்பிக். ஆண்களுக்கான 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச்சுற்று தொடங்க இன்னும் சில நிமிடங்கள்தான். போட்டிக்கு முன் சுட்டுப் பார்த்துக்கொள்ளத் தரும் நேரத்தில் அபினவ் பிந்த்ரா விசையை அழுத்தினார். குண்டு மையத்தை விட்டு வெகுவாக விலகிப் போனது. தகுதிச்சுற்றில் சரியாக இருந்த குறிபார்க்கும் கருவி, அதற்குள் எப்படியோ இடம் மாறியிருந்தது!

பதற்றத்தை அடக்கிக்கொண்டு அதை மறுபடி சரிசெய்தார். கடைசி ஷாட்டில் 10.8 புள்ளி. தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. இந்தச் சம்பவத்தை பிந்த்ராவே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அந்தத் துப்பாக்கியில் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பே கிடையாது. ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் அதற்கு அனுமதி இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும், பாரிஸில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலேயும் பின்னால் ஒரு சின்னத் துளை, முன்னால் ஒரு வளையம், இவை இரண்டின் வழியாகப் பார்த்துத்தான் சுடுகிறார்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் 10 புள்ளிக்கான மையம் வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளி!

அப்படியென்றால் சினிமாக்களில் பார்க்கும் நீளமான ஸ்கோப்பை எந்தப் போட்டியில் பயன்படுத்துகிறார்கள்? அதை எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

முதல் கேள்வி: எந்தப் போட்டி?

ஸ்கோப் வாங்கப் போகும் புதியவர்கள் பெரும்பாலும் கேட்பது, 'இது எத்தனை எக்ஸ்?' என்றுதான். 25 எக்ஸ் என்றால் 25 மடங்கு நெருக்கமாகத் தெரியும் என்று அர்த்தம். ஆனால், எண் கூடினால் ஸ்கோப்பும் உசத்தி என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு போட்டியும் ஸ்கோப்பிடம் வெவ்வேறு வேலையை எதிர்பார்க்கிறது. மூன்று போட்டிகளைப் பார்த்தாலே இது புரியும்.

எஃப் கிளாஸ்: கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்க்குவர்சன் என்பவரின் பெயரில் உள்ள 'எஃப்'தான் இந்தப் பெயரில் இருப்பது. வயதாகி, பழைய முறையில் குறிபார்க்கக் கண் ஒத்துழைக்காதவர்களும் விளையாட்டை விட்டுவிடாமல் தொடர வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது இது. தரையில் படுத்து, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துச் சுடுவார்கள். தூரம் 1,000 யார்டு வரை, அதாவது சுமார் 914 மீட்டர். அவ்வளவு தொலைவில் இருக்கும் மையவட்டம் 10 அங்குலம். அதற்குள் இன்னொரு வட்டம் 5 அங்குலம். ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுத் தட்டும், அதன் நடுவில் வைத்த ஒரு காபி சாஸரும்!

பி.ஆர்.எஸ்: 2012-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ்'. பீப்பாய் மேல், வேலி மேல், ஏணி மேல் என்று துப்பாக்கியை மாற்றி மாற்றி வைத்து, குறிப்பிட்ட நேரத்துக்குள் வெவ்வேறு தூரத்தில் உள்ள இரும்புத் தகடுகளைச் சுட வேண்டும். இங்கே அதிகம் பெரிதாக்கினால் பார்வைப் பரப்பு சுருங்கிவிடும். அடுத்த தகடு எங்கே என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். அதனால், 25 மடங்கு வரை போகும் ஸ்கோப் வைத்திருப்பவர்களில் பலரும் அதை 10-க்கும் 20-க்கும் இடையில் வைத்தே சுடுகிறார்கள்.

ஃபீல்டு டார்கெட்: இது ஏர் ரைஃபிள் போட்டி. விலங்கு வடிவத் தகட்டில் 15 முதல் 40 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள துளை இருக்கும். குண்டு துளைக்குள் போனால்தான் தகடு சாயும். இலக்கு எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தூரம் அளக்கும் தனிக் கருவிக்கும் அனுமதி இல்லை. ஸ்கோப்தான் டேப்! பக்கவாட்டில் உள்ள பெரிய சக்கரத்தைத் திருப்பி, படம் தெளிவாகும் இடத்தில் நிறுத்தி, சக்கரத்தில் எழுதி வைத்திருக்கும் தூரத்தைப் படிப்பார்கள். பெரிதாக்கும் அளவு கூடக்கூட, படம் தெளிவாகத் தெரியும் தூர எல்லை குறுகும். கணக்கும் துல்லியமாகும். அதனால், இங்கு 40, 50 மடங்குக்கு உண்மையிலேயே தேவை இருக்கிறது.

பெரிதாக்கினால் என்ன நஷ்டம்?

வெயில் நேரத்தில் தார்ச் சாலையின் மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். 1,000 யார்டு மைதானத்திலும் அதே கானல்தான். 50 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப், இலக்கோடு சேர்த்து அந்த நெளிவையும் 50 மடங்கு பெரிதாக்கும். மையவட்டம் தண்ணீருக்குள் கிடக்கும் நாணயம்போல ஆடும். அனுபவசாலிகள் அப்போது மடங்கைக் குறைத்துக்கொள்வார்கள். கானல் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்பதைப் பார்த்துக் காற்றின் திசையையும் கணிப்பார்கள்.

வெளிச்சமும் ஒரு பிரச்னை. இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. முன்பக்க லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 56 மில்லிமீட்டர் லென்ஸை 14 மடங்கில் வைத்தால் 4 மில்லிமீட்டர். அதையே 56 மடங்கில் வைத்தால் 1 மில்லிமீட்டர்தான். பகல் வெளிச்சத்தில் நம் கண்மணியின் அகலம் ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டர். ஒளிக்கற்றை அதைவிடச் சிறியதாகும்போது படம் மங்கும். தலை சற்று நகர்ந்தாலும் கறுப்பு நிழல் விழும்.

குமிழைத் திருப்பினால் எண்ணியபடி நகர்கிறதா?

அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் உள்ள திருகுக் குமிழ்களை. ஒவ்வொரு 'கிளிக்' சத்தத்துக்கும் குறி ஒரு குறிப்பிட்ட அளவு நகரும்.

இதை அளக்க 'எம்.ஓ.ஏ' என்ற அலகு உண்டு. ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு. 100 யார்டில் இது சுமார் 1.05 அங்குலம், 1,000 யார்டில் சுமார் 10.5 அங்குலம். ஒரு கிளிக்குக்குக் கால் எம்.ஓ.ஏ நகரும் ஸ்கோப்பில், 1,000 யார்டில் குறி 2.6 அங்குலம் தாவும். எட்டில் ஒரு பங்கு என்றால் 1.3 அங்குலம்தான். 5 அங்குல வட்டத்தைக் குறிவைப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. பி.ஆர்.எஸ் வீரர்கள் பெரும்பாலும் 'மில்' கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். 0.1 மில் என்பது 100 மீட்டரில் 1 சென்டிமீட்டர்.

சரி, குமிழ் சொன்னபடி நகர்கிறதா? இதைச் சுடாமலேயே சோதிக்கலாம். 100 யார்டு தூரத்தில், அங்குலக் கோடு போட்ட பலகையைத் தூக்குக்குண்டு வைத்து நேராக நிறுத்துங்கள். குண்டு நிரப்பாத துப்பாக்கியை அசையாமல் பிடிமானத்தில் பூட்டி, குமிழை 20 எம்.ஓ.ஏ திருப்புங்கள். குறுக்குக்கோடு 20.9 அங்குலம் நகர வேண்டும். அதுவும் பக்கவாட்டில் சாயாமல் நகர வேண்டும். திரும்பப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால், கிளம்பிய இடத்திலேயே வந்து நிற்க வேண்டும். பலமுறை திருப்பிய பிறகும் அப்படியே நின்றால் அது நல்ல ஸ்கோப்.

குறுக்குக்கோட்டில் இரண்டு வகை

'முதல் குவியத்தளம்' வகையில், பெரிதாக்கும்போது கோடும் சேர்ந்து பெரிதாகும். அதனால் கோட்டில் உள்ள அளவுகள் எந்த மடங்கிலும் சரியாக இருக்கும். அடிக்கடி மடங்கை மாற்றும் பி.ஆர்.எஸ்-க்கு இது வசதி. 'இரண்டாம் குவியத்தளம்' வகையில் கோட்டின் அளவு மாறாது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மெல்லியதாக இருந்து, இலக்கை மறைக்காது. ஆனால், அதன் அளவுகள் ஒரு குறிப்பிட்ட மடங்கில் மட்டுமே சரியாக இருக்கும். எஃப் கிளாஸில் பலரின் விருப்பம் இதுதான்.

கடையிலேயே கவனிக்க வேண்டியவை

* கண் பக்கத்து வளையத்தை முதலில் சரிசெய்யுங்கள். வெள்ளைச் சுவரைப் பார்க்கும்போது குறுக்குக்கோடு சட்டென்று கூர்மையாகத் தெரிய வேண்டும். சூரியனை ஸ்கோப் வழியாகப் பார்க்கவே கூடாது.

* ஸ்கோப்பை அசையாமல் வைத்துவிட்டு, தலையை மட்டும் லேசாக மேலும் கீழும் ஆட்டுங்கள். குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்ந்தால், பக்கக் குமிழைத் திருப்பி அந்த நகர்வை நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள்.

* எடையை மறக்காதீர்கள். எஃப் கிளாஸின் 'ஓபன்' பிரிவில் ஸ்கோப்பையும் சேர்த்துத் துப்பாக்கி 10 கிலோவைத் தாண்டக் கூடாது. 'எஃப்.டி.ஆர்' பிரிவில் 8.25 கிலோ.

* ஸ்பிரிங் விசையில் இயங்கும் ஏர் ரைஃபிள் சிறியதுதானே என்று நினைக்க வேண்டாம். அது முன்னும் பின்னுமாக இரண்டு முறை உதறும். அதற்கென்று தயாரிக்கப்படாத ஸ்கோப் அந்த உதறலிலேயே பழுதாகிவிடலாம்.

* மொத்தப் பணத்தையும் ஸ்கோப்பில் போட்டுவிட்டு, அதைத் துப்பாக்கியில் பொருத்தும் வளையங்களை மலிவாக வாங்குவது பலர் செய்யும் தவறு. வளையம் தளர்ந்தால் எந்த ஸ்கோப்பாலும் பயனில்லை. திருகுகளையும் குத்துமதிப்பாக முறுக்காமல், விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால் முறுக்க வேண்டும்.

இந்தியாவில் ஆயுதச் சட்டப்படி பெரும்பாலான துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவை. எனவே, ஆர்வம் உள்ளவர்கள் முதலில் அங்கீகாரம் பெற்ற ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, பயிற்சியாளரின் மேற்பார்வையில் தொடங்குவதே சரியான வழி. வீட்டில் பிள்ளை ஒலிம்பிக் கனவோடு கிளம்பினால், ஸ்கோப்புக்குச் செலவு செய்யவே தேவையில்லை என்பதும் பெற்றோருக்கு நிம்மதியான செய்தி!

ஸ்கோப் தேவைப்படும் போட்டிதான் என்று முடிவாகிவிட்டால், வாங்குவதற்கு முன் கிளப்பில் ஏற்கெனவே சுடுபவர்களின் ஸ்கோப்புகளை அனுமதி கேட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதுவும், கானல் ஓடும் மதிய வெயிலில் பாருங்கள். கடையின் ஏசி அறையில் எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் தெரியும். பிறகு அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன சீசனில் வைத்த பூஜ்யம் இன்னும் அதே இடத்தில் இருக்கிறதா?" பெய்ஜிங்கில் அந்தச் சில நிமிடங்களில் பிந்த்ராவைத் தவிக்கவைத்தது இந்தக் கேள்விதான்.