உங்களுக்குத் தெரியுமா? ஐஸ் ஹவுஸ் விவேகானந்தர் இல்லமான கதை

சென்னைக் கடற்கரைச் சாலையில் வட்ட வடிவில் நிற்கும் விவேகானந்தர் இல்லம், அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டப்பட்ட கிடங்கு!

● பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறையும் ஏரிகளிலிருந்து பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்தெடுத்து, மரத்தூள் பொதிந்து கப்பலில் ஏற்றினார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இங்கு வந்து சேர ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. வழியில் உருகியது போக மிஞ்சியது இங்கே சேமிக்கப்பட்டது.

● உள்ளூரிலேயே ஐஸ் தயாரிக்கும் முறை வந்ததும் இந்த வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடத்தை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார், ஜன்னல்களும் தாழ்வாரங்களும் சேர்த்து அதை வீடாக்கி, ‘கெர்னான் கோட்டை’ என்று பெயரிட்டார்.

● 1897 பிப்ரவரியில், மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் இங்கே தங்கினார். பின்னர் சுவாமி ராமகிருஷ்ணானந்தர் சில ஆண்டுகள் இங்கிருந்தே சென்னையில் மடத்தை நடத்தினார்.

● பிறகு அரசின் வசமான இந்தக் கட்டடத்தில், இளம் விதவைகளைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கிய சகோதரி சுப்பலட்சுமியின் விடுதி இயங்கியது. எத்தனையோ பெண்கள் தலைநிமிர்ந்து நிற்க இடம் கொடுத்த கட்டடம் இது!

● விவேகானந்தரின் நூற்றாண்டையொட்டி 1963-இல் இன்றைய பெயர் சூட்டப்பட்டது. இப்போது ராமகிருஷ்ண மடத்தின் பராமரிப்பில் நிரந்தரக் கண்காட்சி இங்கே நடக்கிறது. டியூடர் நிறுவனம் கல்கத்தாவிலும் பம்பாயிலும் வைத்திருந்த கிடங்குகள் மறைந்துவிட்டன. எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அவசியம் போய்ப் பாருங்கள்.