தலித்தா கூம்: எழுப்பிவிடும் கரங்கள்

1993ஆம் ஆண்டு இத்தாலியின் தூரின் நகர். கென்யாவில் 24 ஆண்டுகள் மறைப்பணியாற்றித் திரும்பிய கொன்சொலாத்தா சபை அருள்சகோதரி யூஜேனியா பொனெத்தி, அங்குள்ள காரித்தாஸ் மையத்தில் பணி செய்துவந்தார். ஒரு மாலை, திருப்பலிக்குப் புறப்பட்ட அவரிடம் நைஜீரியப் பெண் ஒருவர் உதவி கேட்டு நின்றார். நோயாளி, மனித வணிகர்களிடம் சிக்கித் தெருவில் நிறுத்தப்பட்டவர். சகோதரியோடு ஆலயத்துக்கும் வந்து, பின்னால் இருந்து அழுதார். சகோதரியின் வாழ்வைத் திருப்பியது அந்த அழுகை.

வேலை தருவதாக அழைத்துவரப்படும் இப்பெண்களின் பாஸ்போர்ட் பறிக்கப்படுகிறது. தீராத கடன் சுமத்தப்படுகிறது. தப்பினால் குடும்பத்துக்குக் கேடு வருமென்று சடங்கு நடத்திச் சத்தியம் வாங்கப்படுகிறது. பூட்டில்லாத சிறை இது. ஆகவே அருள்சகோதரிகள் இரவில் தெருவுக்கே சென்று அவர்களோடு பேசினார்கள், கன்னியர் இல்லங்களில் இடமளித்தார்கள், ஆவணங்கள் பெற்றுத்தந்தார்கள்.

2009இல் பெண் துறவு சபைத் தலைவியரின் உலக ஒன்றியம் 'தலித்தா கூம்' என்ற கூட்டமைப்பை உருவாக்கியது. யாயிரின் மகளைக் கைப்பிடித்து எழுப்பியபோது இயேசு சொன்ன சொல் அது (மாற்கு 5:41). இன்று பல நாடுகளில் அருள்சகோதரிகள் இப்பணியில் கைகோர்த்துள்ளனர்.

சிறுவயதில் சூடானில் கடத்தி விற்கப்பட்ட புனித ஜோஸ்பின் பக்கித்தாவின் திருநாள் பிப்ரவரி 8. 2015 முதல் அது மனித வணிகத்துக்கு எதிரான செப நாளுமாகும். அன்று இச்சகோதரிகளுக்காக நன்றி கூறுவோம். நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் யாரேனும் அழுதால், நின்று கேட்போம். அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.