கோடிங் தெரியாது, செயலி தொடங்கலாமா?

ஏலாக்குறிச்சியில் பல வருடம் உரக்கடை நடத்தியவரிடமோ, அறுவடை இயந்திரம் வாடகைக்குப் பிடித்துத் தருபவரிடமோ, “நீங்களே ஒரு செயலி தொடங்கலாமே” என்று சொல்லிப் பாருங்கள். “அது கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் வேலை சார்” என்பார்கள். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறதா?

வடக்கே அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்பு மண். அங்கே நிலக்கடலை மஞ்சளாகிறது. புகைப்படத்தைப் பார்த்து, தழைச்சத்து குறை என்று யூரியா போடச் சொல்லிவிடலாம். அனுபவஸ்தர் முதலில் கேட்பது, “மஞ்சள் அடி இலையிலா, குருத்து இலையிலா?” அடி இலை என்றால் தழைச்சத்து. குருத்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து. அதற்கு அன்னபேதி கரைசல் தெளிக்க வேண்டும். செயலிக்குள் வைக்க வேண்டிய சரக்கு இந்தக் கேள்விதான்.

ஜெர்மனியில் 2015இல் தொடங்கிய ‘பிளான்டிக்ஸ்’ செயலியின் நிறுவனர்களில் ஒருவரான சிமோன் ஸ்ட்ரே, புவியியல் படித்தவர். நோயுற்ற இலையைப் படம் எடுத்தால் நோயைச் சொல்லும் அந்தச் செயலி தமிழிலும் இருக்கிறது. படங்களை மட்டும் குவித்தால் கணினிக்கு எதுவும் புரியாது. இது இன்ன நோய் என்று பயிர் தெரிந்தவர் ஒவ்வொரு படத்துக்கும் பெயர் எழுதித் தர வேண்டும். இந்தியாவில் ஹைதராபாத் இக்ரிசாட் நிறுவனத்துடன் கைகோத்ததும் இதனால்தான்.

சரி, நீங்கள் எங்கே தொடங்குவது? செயலி செய்யக் கிளம்பாதீர்கள். ஒரு நோட்டும் வாட்ஸ்அப்பும் போதும். கொள்ளிடக் கரையில் சம்பா அறுவடைக்கு வண்டி பிடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டணத்துப் பொறியாளர் ஏக்கர், தேதி, கைபேசி எண் கேட்பார். நீங்கள் இன்னும் கேட்பீர்கள்: வயலில் ஈரம் இருக்கிறதா, டயர் வண்டி இறங்குமா, பெல்ட் வண்டி வேண்டுமா? பயிர் சாய்ந்திருக்கிறதா? பக்கத்து வயல் அறுத்தாயிற்றா? நடுவில் மாட்டிய வயலுக்கு வண்டி போக வழி ஏது? எந்த வாய்க்கால் பாசனம் முதலில் காயும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதன்படி வரிசை போட்டால் வண்டி வீணாக அலையாது, டீசல் மிச்சம்.

ஒரு பருவம் முப்பது விவசாயிகளுக்கு இதைக் கையாலேயே செய்யுங்கள். ஏக்கருக்குச் சிறு தொகையாவது வாங்குங்கள். இலவசமாகக் கொடுத்தால் எல்லோரும் நல்லது என்பார்கள். காசு கேட்டால்தான் உண்மை தெரியும். யாரும் தரவில்லையென்றால் செயலி செய்தாலும் தரப்போவதில்லை. உங்களுக்கு நட்டம் ஒரு நோட்டு, அவ்வளவுதான்.

தந்தார்கள் என்றால், கேள்விகளையும் அவற்றின் வரிசையையும் தாளில் எழுதிக்கொண்டு நிரலாளரைத் தேடுங்கள். கூலிக்குச் செய்பவர் என்றால், வேலை முடிய முடியத் தவணையாகப் பணம் கொடுங்கள். நிரல், சர்வர் கணக்கு, விவசாயிகளின் தகவல் மூன்றும் உங்கள் பெயரில் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதுங்கள். இதை விட்டுவிட்டால் அவர் ஊரைவிட்டுப் போகும் நாளில் உங்கள் தொழிலும் போய்விடும். பங்காளியாகச் சேர்ப்பதென்றால் கூட்டாக ஒரு பருவமாவது வேலை செய்து பார்த்த பிறகு பங்கு பேசலாம்.

பணத்துக்கு, ராஷ்ட்ரிய கிருஷி விகாஸ் யோஜனாவின் வேளாண் தொழில்முனைவோர் திட்டம் 2018-19 முதல் இருக்கிறது. யோசனை நிலையில் ரூ.5 லட்சம் வரை, தொடக்க நிலையில் ரூ.25 லட்சம் வரை மானியம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும், கொள்ளிடம் தாண்டினால் தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் நிறுவனத்திலும் தொழில் வளர் மையங்கள் இருக்கின்றன. போகும்போது அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.