புல்வெட்டும் வேலையில் உடம்பைக் காப்பது

பேராக்கில் சுங்காய் வட்டாரத்தில் இப்போது கண்ணுக்கெட்டிய வரை செம்பனைதான். தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களில் சிலருக்குக் கைகொடுத்தது சாலையோரப் புல் வெட்டுவதும் லேண்ட்ஸ்கேப் வேலையும். இலேசான வேலை என்ற பேர். உடம்பு அப்படிச் சொல்வதில்லை.

தோளும் இடுப்பும்

வலிக்கு முதல் காரணம் புல்வெட்டும் மெஷினின் வார் சரியாக மாட்டப்படாததே. மெஷினை மாட்டிக் கையை விட்டால், வெட்டும் தலை தரைக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். அது தரையில் இடித்தால் நாள் முழுக்கக் கைதான் தூக்கிப் பிடிக்கும். மாலையில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒற்றை வாரைவிட இரு தோள் வார் நல்லது. கையை மட்டும் வீசாமல் உடம்போடு சேர்த்துத் திருப்ப வேண்டும். 50 கிலோ உர மூட்டையை ஒருவரே தூக்குவது வீரமல்ல. இடுப்பளவில், உடம்பை ஒட்டிப் பிடித்தாலும் ஆணுக்கு 25 கிலோதான் வரம்பு.

அதிர்வு, இரைச்சல்

குளிர்நாடுகளில் அதிர்வால் விரல் வெளுக்கும். மலேசிய வெயிலில் அது பெரும்பாலும் தெரிவதில்லை. இரவில் விரல் மரப்பதும் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவதுமே அறிகுறி. இதை வயசுக் கோளாறு என்று ஒதுக்குவதுதான் ஆபத்து. மழுங்கிய பிளேடை மாற்றினால் அதிர்வு குறையும். வேலையை ஆள்மாற்றிச் செய்வதும் உதவும்.

மலேசியாவின் 2019ஆம் ஆண்டு விதிப்படி நாளொன்றுக்குச் சராசரி இரைச்சல் 85 டெசிபெலைத் தாண்டக் கூடாது. கையெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச நேர்ந்தால், அந்த அளவு எட்டிவிட்டதாகக் கொள்ளலாம், காதடைப்பான் தேவை. கல் தெறிக்கும், ஆகவே கண்ணாடி கட்டாயம். மற்றவர்கள் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

வெயிலும் மருந்தும்

இருபது நிமிடத்துக்கு ஒரு குவளை தண்ணீர், தாகம் எடுக்காவிட்டாலும். புது ஆளுக்கு வெயில் பழக ஒன்றிரண்டு வாரமாகும். முதல் நாளே முழு வேலை கொடுக்கக் கூடாது. தலைசுற்றி, பேச்சு குழறினால் நிழலில் கிடத்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது. மற்ற களைக்கொல்லிகளும் விஷமே. அடைத்த நாசிலை வாயால் ஊதுவது பழைய பழக்கம், விட வேண்டிய பழக்கம். மருந்து அடிக்கும்போது போட்ட உடுப்பைத் தனியே துவைக்க வேண்டும்.

சாக்கடையோரம்

எலியின் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள சிறு வெட்டின் வழியே எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். பூட்ஸ் போடுவதோடு காயத்தை மூடியும் வைக்க வேண்டும். காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால், கிளினிக்கில் முதலில் சொல்ல வேண்டியது செய்யும் வேலையை. டாக்டர் டெங்கியோடு இதையும் சோதிக்க அது போதும்.